கன்றுக்கு விட்டது போக

அந்தக் காலத்தில் பால் கேட்டு வருகிறவர்கள் வெறுமனே "பால் குடுங்க" என்று கேட்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர்களானாலும், செம்பை முன்னால் நீட்டி, "கன்னுக்கு விட்டது போக மிச்சம் இருந்தா ஒரு ஆழாக்கு ஊத்துங்க" என்றுதான் கேட்பார்கள். ஊரிலிருந்து எங்களோடு கப்பலேறி வந்த பேச்சு அது. சிராங்கூன் சாலையில் டிராம் வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் எங்கள் கம்பத்துக் குடியிருப்பில் அது மாறவில்லை. "இருக்கு, கொண்டாங்க" என்று நாங்களும் ஊற்றுவோம். கேட்கிறவருக்கும் அதன் அர்த்தம் நினைவில் இருக்காது, ஊற்றுகிறவளுக்கும் இருக்காது.

இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன், எனக்கு நல்லபடியாக வருகிற துண்டுகளை மட்டும். நீங்கள் பொறுமையாகக் கேட்கிறவர்கள். அதனால் இந்த முறை முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சந்திரமதி. நானும் என் வீட்டுக்காரர் மருதப்பனும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலில் சிங்கப்பூர் வந்தோம். எருமைக் கொட்டாய்களுக்குப் பின்னால், சேற்று நிலத்தை ஒட்டி, அத்தாப்பு ஓலை வேய்ந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஆறு பசுக்கள். அடுத்த வீட்டில் கதீஜா அக்கா இருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். அவருடைய வீட்டுக்காரர் காதர் மைதீன் அறுப்புக் கொட்டகையில் ஆடு மாடு அறுக்கிற வேலை பார்த்தார். கீழக்கரைக்காரர்கள். காதர் மைதீன் வேலை முடிந்து வந்ததும் குடிக்க ஆகாத உப்புக் கிணற்றடியில் நெடுநேரம் குளிப்பார். வெள்ளைக் கைலி மாற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார். தரையைப் பார்த்து நடக்கிற மனிதர். ஐந்து வருடத்தில் என்னிடம் ஐந்து வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

வந்த முதல் வருடமே எனக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி இறங்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை. மருதப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கதீஜா அக்காதான் ஆட்டெலும்பை இடித்து, மிளகு தட்டிப் போட்டு, சாறெடுத்து, என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாக ஊட்டினார். பத்தொன்பது நாள். நான் பிழைத்தது அந்தச் சாற்றினால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் உங்களுக்கு என்மேல் கோபம் இன்னும் அதிகமாகும்.

நாலு வருடம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எங்கள் பக்கத்தில் அத்தாப்புக் கூரை போட்ட சின்னச் சிவன் கோயில் ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் கோயிலும் இல்லை, கூரையும் இல்லை. அங்கே நாற்பது நாள் சாயங்காலங்களில் பிரசங்கம் செய்தார். ஒருநாள் ஆட்டைப் பற்றிச் சொன்னார். வெட்டக் கூட்டிப்போகிறவன் கையில் ஒரு தழை இருந்தால் போதும், ஆடு அவன் பின்னாலேயே போகும், அவனைத் தன்னை வளர்த்தவன் என்றே கடைசிவரை நம்பும் என்றார். அன்று வீட்டில் மீன் குழம்பு. வாயில் வைத்தேன், விழுங்க முடியவில்லை. வெளியே போய்த் துப்பிவிட்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அன்றோடு மாமிசத்தை விட்டேன். அதுவும் பொய்யில்லை. என்மேல் எனக்கிருக்கிற வெட்கத்தில் அதையும் சேர்த்துப் பொய் என்று சொல்லிவிடக்கூடாது.

ஆனால் விட்டதோடு நான் நிற்கவில்லை.

ஆப்பம் சுட்டு விற்கிற முத்தாயி என்னைச் "சைவக்காரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அப்போது அது பட்டம் கட்டினதுபோல இருந்தது. முதுகை நிமிர்த்தி நடந்தேன். கதீஜா அக்கா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினால், கறி போட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் அவர் எனக்கென்று கறி போடாமல் தனியாகக் காய்ச்சி அனுப்பினார். பாத்திரத்தில் வாடை இருக்குமே என்று அதையும் திருப்பினேன். அதன் பிறகு அவர் அனுப்பவில்லை.

அந்த வருடம் கார்த்திகை மாதம் வந்தது. கோயில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட துரைசாமி, சோமவார அபிஷேகத்துக்குப் பால் வேண்டும் என்று மாடு வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவர் ஒரு படி என்றார், இன்னொருவர் அரைப் படி என்றார். நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, எங்கள் வீட்டிலிருந்து திங்கள் தோறும் நாலு படி என்றேன். துரைசாமி கைகூப்பி, சைவ வீட்டுப் பால் கிடைப்பது பாக்கியம் என்றார். பக்கத்தில் நின்ற மருதப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் மயிலைப் பசு கன்று ஈன்றிருந்தது. தாய் சாம்பல் நிறம், கன்று செவலை. காளைக் கன்று. நெற்றியில் மட்டும், கட்டைவிரலால் இழுத்துவிட்டதுபோல ஒரு வெள்ளை. "விபூதி பூசிக்கிட்டே வந்திருக்கான் பாரு," என்று மருதப்பன் சிரித்தார். நான் அதன் நெற்றியில் வாய் வைத்து முத்தமிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு சொல் இருந்தது. பெண் கன்று என்றால் நிற்கும். காளைக் கன்று என்றால் பத்துப் பன்னிரண்டு நாளில் "கேலாங் போயிடுச்சு" என்பார் மருதப்பன். கேலாங்கில் தென்னந்தோட்டங்கள் இருந்தன, தோட்டங்களில் மாட்டு வண்டிகள் இருந்தன. வண்டிக்கு வளர்க்கக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். ஐந்து வருடத்தில் நாலு கன்று கேலாங் போயிருந்தது. எந்தத் தோட்டம், யார் வீடு என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது எனக்கு நிறையவே இருந்தது.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, பால் ஊற்றிவிட்டு வீடு திரும்பினபோது செவலை இல்லை. மயிலை கயிற்றை இழுத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. "கேலாங்," என்றார் மருதப்பன்.

கன்று போன பசு பாலை அடக்கிக்கொள்ளும். மடி கல்லாக இறுகிப் போகும், ஒரு சொட்டு விடாது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மயிலை கத்தியது, பால் விடவில்லை. சனிக்கிழமை மருதப்பன் தோல்கன்று கொண்டுவந்தார். மாடு வளர்க்கிற வீடுகளில் அது தெரிந்த சங்கதிதான். செத்த கன்றின் தோலை உப்பும் சாம்பலும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து, மூங்கில் குச்சியில் நாலு கால் வைத்துத் தாயின் முகத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள். மேலே உப்புத் தண்ணீர் தெளித்துவிட்டால் தாய் நக்கும். நக்க நக்கப் பால் இறங்கும்.

வேறொரு கொட்டாயில் நோயில் செத்த கன்று என்றார். செவலைத் தோல்தான். ஆனால் நெற்றி கறுப்பு. செவலைக் கன்று ஊரில் ஒன்றுதானா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மயிலை முகர்ந்து பார்த்தது. கத்துவதை நிறுத்திவிட்டு நக்க ஆரம்பித்தது. நான் குனிந்து கறந்தேன். நுரை பொங்கப் பால் வந்தது.

முதல் சோமவாரம். விடிந்தும் விடியாத நேரத்தில் பால் குடத்தைக் கழுவப் பைப்படிக்குப் போனேன். முனிசிபாலிட்டி போட்ட பைப்பு, எங்கள் வரிசை முழுவதற்கும் அது ஒன்றுதான். முத்தாயியும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள். கதீஜா அக்கா அப்போது ஏழு மாதம். மண்ணெண்ணெய் டின் இரண்டை வைத்து ஒன்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஈரத் தலையும் நெற்றி நிறைய விபூதியுமாகப் போய் நின்றேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றேன். "கோயிலுக்குப் போற பால் குடம் இது. உயிரைக் கொன்னு திங்கிற கை பட்ட பைப்புல நான் எப்படித் தண்ணி பிடிக்கிறது?"

அக்கா என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த மரியாதையை நினைத்தால்தான் இப்போதும் காது சுடுகிறது.

முத்தாயியின் காலடியில் அவள் அலசிக்கொண்டிருந்த இறால் கூடை இருந்தது. அதை நான் பார்த்தேன், அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அந்தக் கூடையைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கோயில் காரியமாச்சே, சந்திரமதி சொல்வது சரிதானே என்றாள். மற்றவர்களும் முணுமுணுத்தார்கள்.

கதீஜா அக்கா பைப்பை மூடினார். தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாதி நிறைந்த டின்னையும் காலி டின்னையும் எடுத்துக்கொண்டு போனார். என்னை நிமிர்ந்து பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை. குடம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் அவர் எங்கள் பைப்புக்கு வரவில்லை. டிராம் தண்டவாளத்தைத் தாண்டி, ரிக்‌ஷா நிறுத்துகிற இடத்துக்கு அருகில் இன்னொரு பைப்பு இருந்தது. வயிற்றுப் பாரத்தோடு இரண்டு டின்னைச் சுமந்து அங்கே போய் வந்தார். கார்த்திகை மழையில் பாதை முழுக்கச் சேறு. நான் பால் ஊற்றப் போகும்போது தூரத்தில் தெரிவார். நான் வேறு சந்தில் திரும்பிக்கொள்வேன்.

அந்த ஒரு வாரமும் என் தலை மிதந்துகொண்டுதான் இருந்தது. அபிஷேகத்தின்போது நாலு படிப் பாலும் லிங்கத்தின் மேல் வெள்ளை வெளேரென்று வழிந்தது. துரைசாமி எல்லோருக்கும் கேட்கும்படி என் பெயரைச் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரைப் பற்றி எனக்கு இன்றைக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டாம் சோமவாரம் விடியலில் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். மயிலை நக்கிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க அந்த ஒரு நெற்றியையே நக்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் செவலை மயிர் அப்படியே இருந்தது. நெற்றியில் மட்டும் கறுப்பு கலைந்து, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகத் திரண்டிருந்தது. லாந்தரை அருகில் கொண்டுபோனேன். கறுப்புக்கு அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்த்தது.

முந்தானையால் துடைத்தேன். துணியில் விளக்குக் கரி ஒட்டியது. கட்டைவிரலால் இழுத்துவிட்டதுபோல அந்த வெள்ளை.

மயிலை என் கையை மூக்கால் ஒதுக்கிவிட்டு மறுபடி நக்கியது. பன்னிரண்டு நாள் நக்கிப் பழகிய இடம் அதற்குத் தெரியாதா? நாங்கள் பூசினதை நாக்காலேயே துடைத்துத் தன் பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டது.

இந்த இடத்தில் நான் பால் குடத்தைக் கவிழ்த்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு எவ்வளவோ ஆசை. ஓரிரு முறை அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். நடந்தது அதுவல்ல. கீழே உட்கார்ந்தேன். கறந்தேன். நாலு படி நிறைந்ததும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். துரைசாமி கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். பால் வழிந்தது. கோயிலில் அன்றைக்கு நான் நெற்றிக்கு விபூதி எடுத்துக்கொள்ளவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மருதப்பனிடம் கரி பிடித்த முந்தானையை நீட்டினேன். அவர் மறைக்கவில்லை. அலுத்துப்போனதுபோல உட்கார்ந்தார்.

"கேலாங்குன்னா கேலாங்கா?" என்றார். "அஞ்சு வருசமா சொல்றேன். உனக்குத் தெரியாதா?"

நான் முந்தானையை மடித்து இடுப்பில் செருகினேன்.

"நாலு படின்னு எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிட்டது நீ. கன்னு குடிச்சா நாலு படிக்கு நான் எங்க போறது? உன் பேரு கெடக்கூடாதுன்னுதான் பண்ணேன்."

பிறகு, கேட்காமலேயே, மிச்சத்தையும் சொன்னார். முதலில் காதர் மைதீனிடம்தான் ஓட்டிக்கொண்டு போனாராம். அவர் கன்றின் வாயில் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, பால்குடி மறக்காததைத் தொடமாட்டேன் என்றாராம். இதன் தாய் கத்துவது என் வீட்டுக்குள் கேட்கும், கொஞ்ச நாள் விட்டு வையுங்கள், வளர்ந்தால் வண்டிக்காவது ஆகும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாராம். மருதப்பன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வேறொருவனைத் தேடிப் போயிருக்கிறார். தோலை அங்கேயே வாங்கிக்கொண்டு, சமையற்கட்டு விளக்கின் கரியை வழித்துப் பூசியிருக்கிறார்.

"காதர் பாய் வீட்டுல தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம இருக்குமா?"

கன்றை ஓட்டிக்கொண்டு போனது புதன்கிழமை. பைப்படியில் நான் பேசியது அதற்கு ஐந்தாம் நாள். அப்படியென்றால் கதீஜா அக்கா எல்லாம் தெரிந்தே அங்கே நின்றிருக்கிறார். நான் கொன்னு திங்கிற கை என்று சொன்னபோது, தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல் போயிருக்கிறார்.

மத்தியானம் பின்வாசல் வழியாக அவர் வீட்டுக்குப் போனேன். கால் இரண்டும் வீங்கி, நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலாமா அக்கா?" என்றேன்.

"நீ எப்பப் புள்ள கேட்டுட்டு வந்த?" என்றார். அதற்குள் கோபம் இருந்ததா, பழைய பிரியம் இருந்ததா, தெரியவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, கரியையும் வெள்ளையையும் சொன்னேன். மருதப்பன் சொன்னதையும் சொன்னேன்.

"தெரியும்," என்றார்.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

அரிசியில் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார். "அவுக சொல்லக்கூடாதுன்னாக. அந்தப் புள்ளைக்குத் தெரியாது போல, தெரியாமயே இருக்கட்டும்னாக. நீ பைப்படியில பேசுனப்ப எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டா நீ அப்புறம் எப்படி மாட்டுக்குக் கீழ உக்காருவ?"

எனக்கு அழுகை வந்தது. அழுதபடியே, நாளையிலிருந்து நம் பைப்புக்கே வந்துவிடுங்கள் அக்கா என்றேன்.

அப்போதுதான் அவர் முகம் மாறியது. "நீ போன்னா போறதுக்கும் வான்னா வர்றதுக்கும் அது உங்க அப்பன் வெட்டுன கெணறா?" என்றார். "கொட்டுனது நாலு பேரு முன்னாடி. அள்ளுறதுக்கு மட்டும் பின்வாசல்ல வந்து நிக்கிற."

முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவரிடம் எனக்கு ஒன்றும் இல்லை என்று புரிந்தது.

வெளியே சொல்லிவிட்டால் என் பெயர் போய்விடும், கோயில் பால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். மருதப்பனுக்கும் அவமானம். சொல்லாவிட்டால் இந்த அம்மாள் பிள்ளை பெறும் வரைக்கும் சேற்றில் தண்ணீர் சுமப்பார். இரண்டையும் வைத்துக்கொண்டு அன்று முழுதும் ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு ஒரு பகல் தேவைப்பட்டது.

மறுநாள் விடியலில் மயிலையைக் கறக்காமல், தோல்கன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன். குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரிதான் தூக்க முடிந்தது. வேறு எப்படிப் பிடித்தாலும் மூங்கில் கால் குத்தியது. கொட்டாயில் மயிலை கத்த ஆரம்பித்தது.

பெண்களுக்கு நடுவில் கல்லின் மேல் அதை நிறுத்தினேன்.

"இது எங்க மயிலையோட கன்னு," என்றேன். "கேலாங் போகல. கோயிலுக்கு நாலு படி ஊத்தணும்னு கொன்னது. காதர் மைதீன் அண்ணன் அறுக்க மாட்டேன்னுட்டாரு. நாங்க வேற ஆள் தேடிப் போனோம். கதீஜா அக்காவை நான் சொன்னது தப்பு. அந்தப் பேச்சு எனக்குத்தான் சேரும்."

காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். தயாராகத்தான் நின்றேன்.

முத்தாயி கன்றையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "இத எதுக்குடி இங்க தூக்கியாந்த? மாடு கத்துது பாரு."

"முத்தாயி, நான் சொன்னது..."

"எல்லாக் கொட்டாயிலயும் உள்ளதுதான்லா. உனக்கு இப்பத்தான் தெரியுதா?" டின்னை நகர்த்தி அடுத்ததை வைத்தாள். "ஒவ்வொரு கன்னும் கேலாங் போச்சு கேலாங் போச்சுன்னா, இந்நேரம் கேலாங்குல மனுசன் நடக்க எடம் இருக்குமா?"

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளைகள் ஏதாவது அசட்டுத்தனம் செய்தால் சிரிப்போமே, அது. அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நான் விபூதி பூசிக்கொண்டு குடம் கழுவ வந்தபோதும் தெரியும். கதீஜா அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னபோதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆமாம் என்றார்கள். திட்டியிருந்தால் எனக்கு எங்காவது ஒளிய இடம் கிடைத்திருக்கும். சிரிப்பில் அது இல்லை.

அன்று கதீஜா அக்கா வரவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு டின்னோடு அவர் போவது தூரத்தில் தெரிந்தது.

மயிலையின் சத்தம் தாங்க முடியாமல் கன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதன் முன்னால் நிறுத்தினேன். சத்தம் நின்றது. நக்கியது. காம்பிலிருந்து பால் தானாகவே மண்ணில் சொட்ட ஆரம்பித்தது. என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்? குனிந்து உட்கார்ந்து கறந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் விடியலில் இரண்டு டின் தண்ணீரைக் கதீஜா அக்கா வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தேன். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் அது அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் டின் இரண்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. ஒரு வார்த்தை இல்லை. அதையே பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

துரைசாமியிடம் போய் இனி கால் படிதான் முடியும் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். வருத்தமாகக் கேட்டுக்கொண்டார். பசும்பால் பசும்பால்தான் அம்மா, கொட்டாயில் நடப்பதையெல்லாம் சாமி விசாரிப்பதில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மூன்றாம் சோமவாரத்துக்கு வேறு கொட்டாயிலிருந்து நாலு படி வந்தது. அங்கே எத்தனை கன்று கேலாங் போயிற்று என்று நான் கேட்கவில்லை.

நான் இன்றுவரை மாமிசம் தொடவில்லை. ஆனால் என்னைச் சைவம் என்று நானாக யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த வருடம் பிறந்த காளைக் கன்றை விற்காமல் வளர்த்தோம், மருதப்பனோடு சண்டை போட்டு. அதற்கடுத்ததைப் பற்றி நீங்கள் கேட்காதீர்கள். பாலை நம்பித்தான் எங்கள் வயிறு இருந்தது.

தை மாதம் கதீஜா அக்காவுக்குப் பெண் பிறந்தது. பலகைச் சுவர் வழியாக அழுகை கேட்டது. முதல் இரண்டு நாள் நல்ல அழுகை. மூன்றாம் நாள் பசி அழுகை. தாய்க்குப் பால் இறங்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. போய்க் கொடுக்கலாமா, கொடுத்தால் வாங்குவார்களா என்று செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாய்க்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

காதர் மைதீனே வந்தார். வெள்ளைக் கைலி, கையில் துலக்கின ஒரு சின்னச் செம்பு. கொட்டாய்க்கு வெளியே, மழைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றார். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு, செம்பை முன்னால் நீட்டி, எல்லோரும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"கன்னுக்கு விட்டது போக மிச்சம் இருந்தா ஒரு ஆழாக்கு ஊத்துங்க, தங்கச்சி."

இருக்கு, கொண்டாங்க என்று சொல்ல வாய் தானாகவே திறந்துவிட்டது. அத்தனை வருடப் பழக்கம். வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கன்றின் வாயில் விரல் விட்டுப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினவர் செம்பை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"கன்னு இல்லண்ணே," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "தெரியும் தங்கச்சி," என்றார். "கேக்குற முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். மயிலை நக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நக்கி நக்கி நெற்றி மயிர் முழுதும் உதிர்ந்து, வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை, வெறும் தோல் தெரிந்தது. அந்த இடத்தில்தான் இன்னமும் நக்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. நான் குனிந்து உட்கார்ந்தேன். முதல் பீச்சு செம்புக்கு வெளியே மண்ணில் விழுந்தது.